பேச்சுக்குப் பதில் பேச்சு: நீலகேசி வழியில் ஒரு மூணாறு வழக்கு

நம் சங்க மலர்களில் சங்க இலக்கியம், திருக்குறள், சிலம்பு பற்றிய கட்டுரைகள் வருவது வழக்கம். இம்முறை நான் ஒரு நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துத் திறனாய்வு செய்ய விரும்புகிறேன். தீர்ப்பும் ஒரு நூல்தானே! அதிலும் வழக்குரைப்பு உண்டு, எதிர்வாதம் உண்டு, மறுப்பு உண்டு, முடிபு உண்டு. நான் சட்டம் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து மூணாறு பஜாரில் அரிசி, பருப்பு நிறுத்துக் கொடுப்பவன். கடை சாத்திய பிறகு எங்கள் சமண நூல்களைத் தானே படித்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தோடுதான் இந்தத் தீர்ப்பையும் படித்தேன்.

தீர்ப்பின் பெயர் கௌசல் கிஷோர் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 ஜனவரி 3-ஆம் நாள் வழங்கியது. பெயரைக் கேட்டால் வடநாட்டு வழக்கு என்று தோன்றும். ஆனால் அதன் ஒரு கிளை நம் மலையில் முளைத்தது. கொழுந்து எடுக்கும் நம் தமிழ்ப் பெண்களைப் பற்றி ஒருவர் பேசிய பேச்சுதான் அந்தக் கிளைக்கு விதை.

வழக்கு வந்த வழி

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். கம்பெனி கொடுக்க முன்வந்தது 10 சதவீதம். அன்றைய நாள்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களை அந்தப் பெண்கள் கிட்டேயே சேர்க்கவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு போனஸ் 8.33 சதவீதமும், கருணைத் தொகை 11.67 சதவீதமுமாக, ஆக மொத்தம் 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது. கடைகள் அடைத்துக் கிடந்தன, எனக்கும் வியாபார நஷ்டம்தான். ஆனாலும் லயத்துப் பெண்கள் ஒலிபெருக்கி பிடித்துத் தமிழில் கணக்குக் கேட்டதை நான் என் ஆயுளில் அதற்கு முன் பார்த்ததில்லை.

2017 ஏப்ரல் 22-ஆம் நாள், அன்றைய மின்துறை அமைச்சர் எம்.எம். மணி அடிமாலி அருகே ஒரு கூட்டத்தில் பேசும்போது அந்தப் போராட்ட நாட்களைப் பற்றிச் சில சொற்கள் சொன்னார். அவை போராடிய பெண்களை இழிவுபடுத்துவதாக எங்கும் கொதிப்பு எழுந்தது. தம் பேச்சு திரித்துக் காட்டப்பட்டது என்றார் அமைச்சர். பெண்கள் மூணாற்றில் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். சில நாட்களில் அமைச்சரின் கட்சியே அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. கேரள உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகள் போடப்பட்டன. அமைச்சர்களுக்கு நடத்தை விதி வகுக்கவும், அவர்கள் நாவுக்குக் கட்டுப்பாடு விதிக்கவும் வழி உண்டா என்பதே அவற்றின் சாரம். அது நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது என்று 2017-லேயே அவை தள்ளப்பட்டு, விவகாரம் டெல்லிக்குப் போனது. அங்கே, 2016-இல் புலந்த்சகரில் நடந்த ஒரு கொடுமையைப் பற்றி உத்தரப் பிரதேச அமைச்சர் ஒருவர் பேசிய பேச்சிலிருந்து எழுந்த வழக்கோடு இதுவும் சேர்ந்தது.

தீர்ப்பு சொன்னது என்ன?

நம் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமை தருகிறது. 19(2) பிரிவு அதற்கு வரம்பு கட்டுகிறது. நாட்டின் இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் என எட்டு காரணங்கள். இந்த எட்டுக்கு மேல் ஒன்பதாவதாக ஒன்றை நீதிமன்றம் சேர்க்கலாமா என்பது முதற் கேள்வி. அமைச்சர் பேசியதை அரசு பேசியதாகக் கொள்ளலாமா என்பது இன்னொரு கேள்வி.

நால்வர் சார்பில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் எழுதிய தீர்ப்பு, எட்டே முழுமையானது, வேறொரு காரணத்தைச் சொல்லிப் புதுக் கட்டுப்பாடு விதிக்க முடியாது என்றது. அமைச்சரின் பேச்சு அரசு அலுவல் பற்றியதாக இருந்தாலும் அதை அரசின் தலையில் ஏற்ற முடியாது என்றும் சொன்னது. நீதிபதி பி.வி. நாகரத்னா முதற் கேள்வியில் மற்றவர்களோடு ஒத்துப்போனார். இரண்டாவதில் பிரிந்தார். அமைச்சர் தம் பதவி நிலையில் நின்று அரசின் கருத்தைப் பேசினால் அது அரசின் பேச்சே. அரசின் கருத்தோடு ஒட்டாத தனிப்பேச்சு என்றால் மட்டுமே அது அவருடையது. இது அவர் கட்சி.

தீர்ப்பு வந்த காலத்தில் என் கடைக்கு வந்த சிலர், "நம்ம பொம்பளைங்கள அப்படிப் பேசினவங்கள சட்டம் ஒண்ணும் செய்யாதா? அப்புறம் என்ன சட்டம்?" என்று கேட்டார்கள். நியாயமான கோபம். கூலிக்காரப் பெண்ணுக்கு மானம்தான் சொத்து. அதில் கைவைத்தால் பேச்சுரிமை என்று சொல்லி நகர்ந்துவிடலாமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் பேச்சுரிமையைப் புகழ்வதில் பொருள் இல்லை.

ஒன்பதாவது காரணம் ஏன் வேண்டாம்?

இந்த இடத்தில் தீர்ப்பு சரி என்பதே என் முடிவு. காரணத்தை நம் கேரளத்திலிருந்தே காட்டலாம்.

கேரள போலீஸ் சட்டத்தில் 118(ஈ) என்று ஒரு பிரிவு இருந்தது. பிறருக்கு எரிச்சல் ஊட்டும்படி பேசுவதும் அதன்படி குற்றம். மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 66-ஏ பிரிவும் அதே இனம். இரண்டையும் 2015 மார்ச் 24-ஆம் நாள் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எது எரிச்சல், யாருக்கு எரிச்சல் என்று அளக்க அதில் படிக்கல்லே இல்லை என்பது காரணம். ஐந்து ஆண்டு கழித்து, 2020 நவம்பரில், கேரள அரசு 118-ஏ என்று ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இழிவுபடுத்தும் பேச்சுக்கு மூன்றாண்டு வரை சிறை. இணையத்தில் பெண்கள் இழிவுபடுத்தப்படுவதைத் தடுக்கவே இச்சட்டம் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு வந்து, சில நாட்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்தச் சட்டம் நின்றிருந்தால் முதலில் யார் மேல் பாய்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2015-இல் நம் பெண்கள் ஒலிபெருக்கியில் சொன்னது தேனும் பாலுமா? தலைவர்களையும் கம்பெனியையும் கேட்ட கேள்விகள் கேட்டவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தன. இழிவுபடுத்திவிட்டார்கள் என்று தலைவர் ஒருவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால், லயத்துப் பெண் எந்த வக்கீலிடம் ஓடுவாள்? அமைச்சருக்கு வக்கீல் உண்டு, கட்சி உண்டு. சட்டம் எளியவரைக் காக்க என்று எழுதப்படும், எட்டிப் பிடிப்பது வலியவர் கையாக இருக்கும்.

19(2) பிரிவின் வரலாறும் இதையே சொல்கிறது. 1950-இல் சென்னை மாநில அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இதழைத் தடுத்தது. ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. மறு ஆண்டே முதலாவது திருத்தம் வந்து 'பொது ஒழுங்கு' என்ற காரணம் சேர்ந்தது. 1963-இல் பதினாறாவது திருத்தம் வந்து 'இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு' சேர்ந்தது. திராவிட நாடு கோரிக்கையை மனத்தில் வைத்தே அது வந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். பட்டியல் நீண்ட போதெல்லாம் ஏதோ ஒரு குரல் குறுகியது. எட்டோடு நிற்கட்டும்.

நீலகேசி காட்டும் வழி

தண்டனை இல்லையென்றால் இழிசொல்லுக்கு மருந்து என்ன? இங்கேதான் எனக்கு நீலகேசி நினைவுக்கு வருகிறாள்.

சமணரை வாதில் வென்றதாகச் சொல்லும் பௌத்தக் காப்பியம் நாதகுத்தனாரின் குண்டலகேசி. அதற்கு விடையாகச் சமணர் எழுதிய நூல் நீலகேசி. பழையனூர்ப் பேயாக இருந்து, முனிச்சந்திர முனிவரால் அறம் கேட்டு மாறியவள் அவள். பிறகு ஊர் ஊராகச் சென்று வாதம் செய்கிறாள். முதற் சருக்கம் தரும உரை. அடுத்த ஒன்பதும் வாதச் சருக்கங்கள். குண்டலகேசி, அருக்கச்சந்திரன், மொக்கலன், புத்தர் என்று நால்வரோடு பௌத்தம் பற்றி வாதிடுகிறாள். பிறகு ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம். வேதத்தை யாரும் இயற்றவில்லை என்ற கொள்கையையும் விடாமல் மறுக்கிறாள். ஒரு பெண் தனியாக அவையில் நின்று இத்தனை பேரோடு வாதிடுவதாக ஒரு தமிழ்ப் புலவர் பாடியிருக்கிறார் என்பதே நமக்குப் பெருமை.

நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. குண்டலகேசி நூல் இன்று முழுதாக இல்லை, சில பாடல்களே எஞ்சின. நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்ற உரை எழுதிய வாமன முனிவர், மறுக்கப்படும் அந்நூலின் பாடல்களையும் பாடல் முதற்குறிப்புகளையும் எடுத்துக் காட்டிச் செல்கிறார். மறுக்க வேண்டுமானால் எதிரி சொன்னதைச் சரியாகச் சொல்லியாக வேண்டும். அது வாத நெறி. அதனால் மறுக்கப்பட்ட நூலின் சுவடு, மறுத்த நூலின் உரையில் பிழைத்துக் கிடக்கிறது. தடை செய்து எரித்திருந்தால் அதுவும் போயிருக்கும். 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இந்நூலை உரையுடன் பதிப்பித்ததால்தான் மலைமேல் உட்கார்ந்து நான் இன்று படிக்க முடிகிறது.

நீலகேசி மென்மையாகப் பேசுகிறாள் என்று எண்ண வேண்டாம். கிண்டலும் உண்டு, சூடும் உண்டு. பெற்றுக்கொண்டதும் அதே அளவு. திருஞானசம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாடலில் சமணரையும் சாக்கியரையும் பழிப்பது பெரும்பாலும் மரபு. மதுரையில் எண்ணாயிரவர் கழுவேறிய கதையைப் பெரிய புராணம் சொல்கிறது. கதை நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். ஆனால் கேட்கும் சமணப் பிள்ளைக்கு நெஞ்சு குத்தத்தான் செய்யும், எனக்கும் சிறுவயதில் குத்தியது. இருந்தும், தேவாரத்தில் அந்தப் பாடல்களை நீக்கு என்று கேட்க எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. நீக்கினால் அன்று என்ன நடந்தது, எங்களோடு ஏன் மோதினார்கள் என்பதே தெரியாமல் போகும். அதே சைவ மரபில் வந்த உ.வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்து 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரே! பழிப்பும் தமிழில் இருக்கிறது, அதற்கு மருந்தும் தமிழில் இருக்கிறது.

இன்று ஒருவர் நீலகேசி போல் ஒரு நூல் எழுதினால் என்ன ஆகும்? மத உணர்வைப் புண்படுத்தினார் என்று 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவில் யாராவது புகார் கொடுப்பார்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 1927-இல் சேர்ந்த 295-ஏ தான் அது. கெட்ட எண்ணத்தோடு வேண்டுமென்றே செய்தால்தான் குற்றம் என்று பிரிவு சொல்கிறது. ஆனால் அதை நிரூபிக்க முடியாமல் வழக்கு விழுவதற்குள் புலவர் வாய்தாவுக்கு அலைந்தே ஓய்ந்துபோவார்.

தீர்ப்பில் எனக்குக் குறையாகப் படுவது

வாதம் நடக்க வேண்டுமானால் இருவரும் ஒரே அவையில் நிற்க வேண்டும். நீலகேசிக்கு அவை கிடைத்தது. அமைச்சரும் கொழுந்து எடுக்கும் பெண்ணும் ஒரே அவையில் நிற்கிறார்களா? அமைச்சர் இருமினாலும் நாலு கேமரா ஓடும். அந்தப் பெண் வாய் திறக்க வேண்டுமானால் ஒரு நாள் கூலியை விட்டுத் தெருவில் உட்கார வேண்டும்.

ஆகவே இரண்டாம் கேள்வியில் நீதிபதி நாகரத்னாவின் பக்கமே எனக்கு நியாயமாகப் படுகிறது. அவர் அமைச்சர் வாயைப் பூட்டச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேசியதற்கு நாற்காலியே பொறுப்பு என்கிறார். கடைக் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப்பிள்ளை ஒரு விலை சொன்னால், "அது அவர் சொந்தப் பேச்சு, கடைக்குச் சம்பந்தமில்லை" என்று முதலாளி சொல்ல முடியுமா? பேசவிடுவது ஒன்று, பேசியதற்குப் பதில் சொல்ல வைப்பது இன்னொன்று. முன்னது உரிமை, பின்னது கடமை. பெரும்பான்மைத் தீர்ப்பு உரிமையைச் சரியாகக் காத்தது. பேச்சைத் தொடர்ந்து அதிகாரிகள் ஏதாவது செய்தோ செய்யத் தவறியோ தீங்கு வந்தால் வழக்குப் போடலாம் என்றும் ஒரு வழி வைத்தது. ஆனால் சொல்லே தீங்கான இடத்தில் கடமையை அரசின் மேல் ஏற்றாமல் விட்டுவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு. வழக்குத் தொடுத்தவர்கள் பொதுநலம் கருதிய மற்றவர்கள். இழிசொல் கேட்ட பெண்கள் தாங்கள் பட்டதைத் தங்கள் வாயால் சொல்லும் இடம் அந்த வழக்கில் இல்லை. அவர்களுக்காகச் சட்டம் பேசியது, அவர்கள் பேசவில்லை. அவர்களுக்கு நியாயத்தில் ஒரு பங்காவது கிடைத்தது என்றால், அது அவர்கள் தெருவில் உட்கார்ந்து சொன்ன பதிலாலும், அதைக் கேட்டுக் கொதித்த கேரள மக்களாலும், அதனால் கட்சி செய்த கண்டனத்தாலும் கிடைத்ததுதான். அமைச்சர் பேச்சுக்குப் பதிலாக ஊர்ப் பேச்சு எழுந்தது. அதுவே நீலகேசி வழி.

சட்டம் எட்டாத இடம்

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு சான்றுகள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜனவரி 12-இல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு என்று கூட்டி, எழுத்தாளரிடம் வருத்தமும் வாக்குறுதியும் எழுதி வாங்கினார்கள். அவர் எழுதுவதையே விட்டார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தள்ளி, அவரை மறுபடி எழுதச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு? நாவல் தவறு என்று கருதியவர்களில் ஒருவர் மறுப்பு நாவல் எழுதியிருந்தால் தமிழுக்கு இரண்டு நூல் கிடைத்திருக்கும்.

மற்றொன்று நம் இடுக்கி மாவட்டத்தது. தொடுபுழாக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் டி.ஜே. ஜோசப், 2010-இல் ஒரு வினாத்தாளில் எழுதிய பகுதிக்காக, அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் மூவாற்றுப்புழையில் வலக்கை வெட்டப்பட்டார். கல்லூரி அவரை வேலையைவிட்டு நீக்கியது. 2013-இல் நீதிமன்றம் அவர் மீதிருந்த வழக்கைத் தள்ளி விடுவித்தது. 2014-இல் ஓய்வு பெறும் தறுவாயில்தான் வேலை திரும்பக் கிடைத்தது. வெட்டியவர்களைச் சட்டம் பிடித்தது. விட்டு விலகியவர்களை எந்தச் சட்டம் பிடிக்கும்? பக்கத்தில் நின்று, "அவர் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அவர் நம்மவர்" என்று சொல்ல நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் இருப்பதைத்தான் பண்பாடு என்கிறோம்.

நமக்கு

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது மிகவும் வேண்டிய பாடம். நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். 2011 இறுதியில் முல்லைப் பெரியாறு சண்டை மூண்டபோது இந்த மாவட்டத்தில் தமிழர் பட்ட பாடு தெரியும். அதே நேரத்தில், அணை உடைவதைக் காட்டிய 'டேம் 999' படத்துக்குத் தமிழ்நாட்டு அரசு தடை விதித்தது. நம்மில் பலர் கைதட்டினோம். நமக்குப் பிடிக்காத படத்துக்குத் தடை, நமக்குப் பிடித்த குரலுக்கு உரிமை என்றால் அது இரண்டு எடைக்கல் வைத்து நிறுக்கும் கடை. எந்தக் கல்லை நாம் எடுக்கிறோமோ, அதே கல்லை இந்த மண்ணில் பெரும்பான்மையினர் நம் மீது எடுத்தால் என்ன சொல்வோம்?

சமணத்தில் அநேகாந்தம் என்று ஒரு கொள்கை. ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தவன் முழுதும் பார்த்தவன் அல்லன். ஆகவே 'ஒரு வகையில் இப்படி' என்று சொல்லிப் பழகு என்பார்கள். இது எல்லாமே சரி என்று தலையாட்டுவது அல்ல. தன் கட்சியை உறுதியாகச் சொல்லி, எதிர்க்கட்சிக்குச் செவி கொடுப்பது. வீட்டில் பிள்ளைகள் எதிர்த்துப் பேசும்போதும், சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து மாற்றுக் கருத்து சொல்லும்போதும் இது நமக்குப் பயன்படும். "உட்காருய்யா" என்று அதட்டாமல் ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தால், அது 19(1)(அ) பிரிவை நம் மண்டபத்தில் நடைமுறைப்படுத்துவதாகும்.

மலர்க்குழுவினருக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, இக்கட்டுரையை மறுத்து யாராவது எழுதினால் அடுத்த மலரில் தயங்காமல் போடுங்கள். என் வாதத்தை அவர் சரியாக எடுத்துச் சொல்லிவிட்டு மறுத்தால் போதும். இரண்டு, 2015-இல் தெருவில் உட்கார்ந்த பெண்களில் பலர் இன்னும் இதே லயங்களில் இருக்கிறார்கள், வயதாகிறது. அன்று என்ன கேட்டார்கள், 2017-இல் அந்தச் சொற்களைக் கேட்டபோது என்ன நினைத்தார்கள் என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டு எழுதி அச்சிடுங்கள். திருத்த வேண்டாம், மெருகு போட வேண்டாம். தீர்ப்பில் இடம்பெறாத அந்தப் பேச்சு நம் மலரிலாவது இடம்பெறட்டும்.